லிண்டே சாலையைக் கடப்பவர்கள்

நகராட்சியின் கடிதம் மார்ச் முதல் வாரத்தில் வந்தது. கைபேசியைக் காகிதத்துக்கு மேல் பிடித்தேன். அது படித்தது. கிராமங்களிலிருந்து ரயில் நிலையம் வரை விரைவு சைக்கிள் பாதை. சிவப்புத் தார். நான்கு மீட்டர் அகலம். ஓரிடத்திலும் நிற்காமல் போகலாம். எங்கள் லிண்டே சாலை வழியாகத்தான் வருகிறது. கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. என் வீட்டுக்கு எதிரில் உள்ள ஜீப்ரா கிராஸிங் தேவை இல்லை என்று தெரிந்தால் எடுக்கப்படும்.

அந்த வரியை மூன்று முறை படிக்க வைத்தேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டினேன். நாற்பத்து நான்கில் கண் மங்கத் தொடங்கியது. நாற்பத்தாறில் முழுதாகப் போனது. இப்போது பஸ் நிலையத்தில் தொலைபேசி மேசையில் இருக்கிறேன். பஸ் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. வீட்டிலிருந்து பதினொரு நிமிட நடை. அதில் லிண்டே சாலை ஏழு மீட்டர். கிராஸிங்கில் குச்சியை நீட்டினால் கார் நிற்கும். அது சட்டம். கிராஸிங் இல்லாத இடத்தில் யாரும் நிற்க வேண்டியதில்லை.

அடுத்த கிராஸிங் பாலத்தடியில் இருக்கிறது. அங்கே போகும் நடைபாதை முழுக்க சைக்கிள்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒரு முறை முயன்றேன். கால்சட்டை கிழிந்து திரும்பினேன். மிச்சம் இருப்பது வழியில் பலரையும் சேர்த்து ஏற்றும் நகராட்சியின் பங்கு டாக்ஸி. எட்டு மணி என்று சொன்னால் ஏழே முக்காலுக்கும் வரும், எட்டே காலுக்கும் வரும். ஒரு குளிர்காலம் அதில் போனேன். அந்தக் குளிர்காலம் முழுக்க யாரோ என்னை எடுத்தார்கள், யாரோ இறக்கினார்கள்.

நகராட்சியைத் தொலைபேசியில் அழைத்தேன். பாதை வேலையைப் பார்ப்பவள் ஃபென்னா என்ற பெண். குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயதிருக்கும்.

"தேவையா இல்லையான்னு யார் சொல்றது?" என்றேன்.

"எண்ணிப் பார்ப்போம் ரூலஃப். காலைல ஏழரைல இருந்து ஒன்பதரை வரைக்கும். நூறு பேருக்கு மேல நடந்து கடந்தா கிராஸிங் இருக்கும். குறைஞ்சா எடுத்துருவோம்."

"எடுத்துட்டா?"

"அந்த இடத்துல சைக்கிளுக்குத்தான் முன்னுரிமை. நடக்கறவங்க பார்த்துக் கடந்துக்கலாம்."

"பார்த்து."

"மன்னிச்சுக்கங்க" என்றாள்.

"யார் எண்ணப் போறது?"

"தெருவிலேர்ந்து ஒரு ஆள் கேட்டிருக்கோம். எங்ககிட்ட ஆள் பற்றாக்குறை. யாராவது முன்வருவாங்க."

முன்வந்தவர் யார் என்று ஹில்யா சொன்னாள். அவள் பக்கத்துக் கட்டடத்தில் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். அவள் கடைக் கண்ணாடிக்கு நேர் எதிரே கிராஸிங். ஊரில் பாதித் தலைகள் அவள் கைக்குக் கீழே வந்து போகின்றன, விஷயங்களும் அப்படித்தான்.

"யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்றாள், என் பின்கழுத்தில் கத்தரியை வைத்துக்கொண்டு.

"சொல்லேன்."

"லாமர்ட் வாத்தியார்."

நான் தலையைத் திருப்பினேன்.

"ஆடாதே. காது போயிரும். ஏற்கெனவே உனக்கு இருக்கறதே அது ரெண்டுதான்."

லாமர்ட் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் சைக்கிள் சங்கத்தின் தலைவர். இந்தப் பாதை வேண்டும் என்று பதினொரு வருடமாக மனு எழுதுகிறவர். பாதை நிற்காமல் போக வேண்டும் என்பதும் அவர் மனுவில் இருந்தது.

"அவர்தான் எண்ணுவாரா? அவரேவா?"

"வேற யாரும் கை தூக்கலையாம். மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க்ல காபி, ஒரு குடை. ஜம்முன்னு உக்காந்துருவாரு. நரியை உக்காத்தி வச்சு கோழியை எண்ணச் சொல்றாங்க."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை. அன்று மதியத்துக்கு வேலையை மாற்றிக்கொண்டேன். ஏழேகாலுக்கே சமையலறை ஜன்னலைத் திறந்து பக்கத்தில் நாற்காலி போட்டேன். ஜன்னலுக்கும் கிராஸிங்குக்கும் நான்கு மீட்டர் இருக்கும். மேசையில் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் காய்ந்த பழுப்பு பீன்ஸ் கொட்டைகள். ஒரு ஆள் கடந்தால் ஒரு பீன்ஸ் அடுத்த கிண்ணத்துக்குப் போகும். பிறகு எண்ணிக்கொள்ளலாம். யாரையும் படித்துச் சொல்லச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே நாற்காலி விரியும் சத்தம் கேட்டது. ஃபிளாஸ்க் மூடி திருகும் சத்தம். அவர் இருமினார். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. ஜன்னலில் நான் இருப்பதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு மணி நேரம் காலடிகளைக் கேட்டேன். குதிகால் செருப்பு, ரப்பர் பூட்ஸ், இழுத்து நடக்கும் ஒரு கால். பள்ளிப் பிள்ளைகள் கும்பலாக வந்தபோது கஷ்டமாக இருந்தது. சந்தேகம் வந்தால் பீன்ஸை எடுக்கவில்லை. ஒன்பதரைக்குக் கடிகாரம் மணி சொன்னது. கிண்ணத்தைக் கவிழ்த்துப் பத்துப் பத்தாகப் பிரித்தேன். நூற்றுப் பதினேழு.

ஜன்னல் வழியாகக் கேட்டேன். "எத்தனை வாத்தியாரே?"

"நடை அறுபத்தொண்ணு."

"எத்தனை?"

"அறுபத்தொண்ணு ரூலஃப். சைக்கிள் இருநூத்துப் பதினாலு." நாற்காலி மடங்கியது. "நல்ல நாள். மழை இல்லை."

அவர் போன பிறகு பீன்ஸை மறுபடி எண்ணினேன். நூற்றுப் பதினேழுதான்.

வியாழக்கிழமை இரண்டாவது எண்ணிக்கை. எனக்கு நூற்றுப் பன்னிரண்டு வந்தது. அவருக்கு ஐம்பத்தெட்டு.

"பாதி" என்றேன் ஹில்யாவிடம். "ரெண்டு நாளும் பாதிப் பேரைக் காணோம்."

"குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்தாரு. நானும் பார்த்தேன். எழுதினாரா, எழுதற மாதிரி நடிச்சாரான்னு இங்கேர்ந்து தெரியலை. காபி மட்டும் நாலு கப்."

"நீ எண்ணினியா?"

"எனக்கு அன்னிக்கு ஒருத்திக்கு முடி சுருட்டணும், ரெண்டு பேருக்குச் சாயம் போடணும். நான் தலையை எண்ணுவேன், காலை எண்ண மாட்டேன்."

ஃபென்னாவை அழைத்துச் சொன்னேன். தாளில் இருப்பதுதான் கணக்கு என்றாள். கையெழுத்துப் போட்ட தாள். பீன்ஸில் யாரும் கையெழுத்துப் போட முடியாது.

"ஆட்சேபணை இருந்தா திங்கட்கிழமை கூட்டத்துல சொல்லுங்க. எல்லாருக்கும் பேச மூணு நிமிஷம்."

அந்த நான்கு நாட்களும் கிராஸிங்கில் லாமர்ட் போவதைக் கேட்டேன். அவர் சைக்கிளின் சங்கிலி மூடி ஒரு பக்கம் தட்டும். நான் குச்சியோடு ஓரத்தில் நிற்பதைப் பார்த்தால் நின்றுவிடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்காக நிற்கிறாரா, இன்னும் சில வாரம்தானே என்று நிற்கிறாரா? சைக்கிள் மணியை லேசாக ஒரு முறை அடிப்பார், போகலாம் என்று. அந்த மணியைக் கேட்டு நான் நகரவில்லை. கார் ஏதும் இல்லை என்று நானே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நகர்ந்தேன்.

திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். நாற்பது பேர் இருப்பார்கள். எல்லோருக்கும் காபி, ஆளுக்கு ஒரு பிஸ்கட். டப்பா ஒரு சுற்று வந்து மூடப்பட்டது. ஃபென்னா வரைபடத்தைக் காட்டிப் பேசினாள். சிவப்புப் பாதை அழகாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். பிறகு என் முறை வந்தது.

மூன்று நிமிடம் எனக்குத் தேவைப்படவில்லை.

"லாமர்ட் வாத்தியார் தப்பா எண்ணியிருக்காரு" என்றேன். "தெரிஞ்சே."

கோப்பையை யாரோ தட்டில் வைத்தார்கள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார் லாமர்ட். இரண்டு வரிசை முன்னால் இருந்தார்.

"தெரிஞ்சே. பாதிப் பேரை விட்டிருக்கீங்க. உங்களுக்குப் பாதை நிக்காம போகணும்."

"நீங்க எப்படி எண்ணினீங்க?"

"காதால."

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். "அப்ப புறாவும் சேர்த்தியா?" என்று கேட்டான்.

"நீ சும்மா இருடா. உன் தலையில எண்ணறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றாள் ஹில்யா. இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள்.

லாமர்ட் எழுந்தார். நாற்காலி பின்னால் நகர்ந்தது. "நாற்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்திருக்கேன். இந்த அறையில உக்காந்திருக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு. என்னைத் திருடன்னு யாரும் சொன்னதில்லை." குரல் என் பக்கம் திரும்பியது. "பாலத்துக்குப் பக்கத்துல லாரிக்கு அடியில போன பொண்ணு என் வகுப்புல இருந்தவ. அதுக்காகத்தான் பாதை கேட்கறேன். உங்களை வீட்டுல உக்காத்தி வைக்கறதுக்கு இல்லை."

அந்தப் பெண்ணை எல்லோருக்கும் தெரியும். அவர் அவளைப் பற்றிச் சொன்னதும் அறை அவர் பக்கம் சாய்ந்ததை உணர்ந்தேன். அதற்காகத்தான் சொன்னாரோ என்றும் நினைத்தேன்.

ஃபென்னா குறுக்கே வந்தாள். "ஒண்ணு செய்யலாம். இந்த வியாழக்கிழமை ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து எண்ணுங்க. வாய்விட்டு. ஒத்துக்கிட்டதை மட்டும் எழுதுங்க. அந்தத் தாள்தான் கடைசி. அதுல ஒரு தப்பு இருந்தாலும் செல்லாது, பழைய கணக்குதான் நிக்கும். சம்மதமா?"

"எழுதறது யாரு?" என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் லாமர்ட் சொன்னார். "உங்களால முடிஞ்சா நீங்களே எழுதுங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சம்மதம் என்று சொன்னேன்.

வியாழக்கிழமை தூறல். என் வீட்டு வாசலில் இரண்டு நாற்காலிகள். அவர் பெரிய குடையைப் பிடித்திருந்தார். அது என் தோள் வரைதான் வந்தது. கொஞ்சம் நகர்த்தினார். நான் நன்றி சொல்லவில்லை. அன்று எனக்குப் பத்து மணிக்குத்தான் வேலை. முடித்துவிட்டுப் போகலாம்.

ஏழரைக்கு என் கடிகாரமும் அவர் கடிகாரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபார்த்தோம். அவருடையது அரை நிமிடம் முன்னால் ஓடியது. என்னுடையதை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஒரு கார் நின்றது. கிராஸிங்கில் காலடிகள்.

"ஒண்ணு" என்றேன்.

"சைக்கிள்" என்றார்.

இருவரும் ஒரே நேரத்தில் சொல்லியிருந்தோம்.

"நடந்து போச்சு வாத்தியாரே. பூட்ஸ் கால். எனக்குக் கேட்டுச்சு."

"சைக்கிள்தான். பச்சை சைக்கிள், முன்னால கூடை. என் கண்ணால பார்த்தேன்."

"ஏறி ஓட்டிக்கிட்டுப் போச்சா?"

"இல்லை, இறங்கித் தள்ளிக்கிட்டு…" அவர் நிறுத்தினார்.

அடுத்த ஆள் வந்தார். காலடிகள். இப்போது கவனித்துக் கேட்டேன். காலடிக்குப் பக்கத்தில் மட்கார்டு ஆடும் சத்தமும் இருந்தது. எப்போதும் இருந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்தச் சத்தம் காற்றைப் போல. காது அதை எடுத்துக்கொள்வதில்லை.

"அது?" என்றேன்.

"அதுவும் தள்ளிக்கிட்டுத்தான்."

"எதுக்கு இறங்கறாங்க?"

"ஓட்டிக்கிட்டுப் போனா கார் நிக்க வேண்டியதில்லை. நடந்தா நிக்கணும். அதனால இங்க வந்து இறங்குவாங்க. அந்தப் பக்கம் போய் ஏறிக்குவாங்க."

"சைக்கிளைக் கையில தள்ளிக்கிட்டுப் போறவன் யாரு வாத்தியாரே? சட்டப்படி?"

குடையில் தூறல் விழுந்தது.

"பஸ் லைசென்ஸுக்கு அதைக் கேட்டாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு."

"நடக்கறவர்" என்றார். மெதுவாகச் சொன்னார். "பிள்ளைங்களுக்கு டிராஃபிக் பரீட்சை இருக்கில்ல. இருபத்தேழு வருஷம் நான்தான் நடத்தினேன். ஆறாவது கேள்வி அது."

எனக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. இருபத்தேழு வருடம் சொல்லிக்கொடுத்த கேள்வி ஒருவருக்கு மறக்குமா? பிடிபட்டதும் மறந்தது போல் பேசுகிறாரா? அடுத்த காலடி கேட்டதும் நானே கூப்பிட்டேன்.

"ஒரு நிமிஷம். நீங்க நடந்தா வந்தீங்க?"

"நடந்தா?" ஒரு பெண் குரல். நின்றுவிட்டாள். "கண்ணு தெரியலையா? கையில சைக்கிள் இருக்குல்ல. வீட்டுலேர்ந்து சைக்கிள்லதான் வரேன்." பிறகு என் குச்சியைப் பார்த்திருக்க வேண்டும். "ஐயோ. மன்னிச்சுக்கங்க. நான் அந்த மாதிரி சொல்லலை."

"இப்ப, இந்தக் கோட்டு மேல, நடந்துதானே வந்தீங்க?"

"இதுவா? இதெல்லாம் நடையா? சைக்கிள்ல வந்தேங்க." மட்கார்டு ஆட்டத்தோடு அவள் போனாள். அந்தப் பக்கம் ஏறி மிதிக்கும் சத்தம் கேட்டது.

அவளைக் கேட்டால் வீட்டிலும் அப்படித்தான் சொல்வாள். தினமும் ஏழு மீட்டர் நடப்பவள், நடப்பதில்லை என்று சொல்வாள். ஹில்யாவும் அப்படித்தான் சொல்வாள். கண் இருந்தபோது நானும் சொல்லியிருப்பேன்.

"மூணு பேர்" என்றார் லாமர்ட். "மூணும் நடை. ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

பேனா கீறும் சத்தம். மூன்று முறை.

அதன் பிறகு அதிகம் பேசவில்லை. ஒன்று என்பேன், ஒன்று என்பார். இரண்டு பேர் சேர்ந்து போனால் அவர் சொல்வார், எனக்கு ஒன்றாகத்தான் கேட்டிருக்கும். யாராவது வேகமாக ஓடிக் கடந்தால் நான் சொல்வேன், அவர் எழுதிக்கொண்டிருப்பார். எட்டு மணிக்குப் பள்ளிக் கும்பல் வந்தபோது அவர் எழுந்து நின்று எண்ணினார். குடை என் பக்கமே இருந்தது. அவர் சட்டையில் நீர் விழும் சத்தம் கேட்டது.

ஆனால் பேனாவை நான் பார்க்கவில்லை. பேனா கீறியது, அவ்வளவுதான் தெரியும். எங்கே கீறியது? எந்தக் கட்டத்தில்? பதினொரு வருட மனு அவர் மடியில் இருந்தது. நான் என் தலைக்குள் ஒரு எண்ணை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை அவர் ஒன்று என்றபோதும் அதில் ஒன்று கூட்டினேன்.

ஒன்பது இருபதுக்குப் பிறகு சாலை காலியானது. கடிகாரத்தை அழுத்தினேன். ஒன்பது இருபத்து மூன்று என்றது. அப்போது ஃபென்னா வந்தாள். அவளும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தாள், எங்கள் பக்கத்து ஓரமாக. கடக்கவில்லை.

"எப்படிப் போகுது?"

லாமர்ட் ஆறாவது கேள்வியைப் பற்றிச் சொன்னார். தன் தவறு என்றே சொன்னார், சுற்றி வளைக்கவில்லை. ஃபென்னா நீளமாக மூச்சு விட்டாள்.

"அப்ப எண்ணிக்கை?"

"தாளைக் கொடுங்க" என்றேன், அவர் சொல்வதற்குள்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"நடைக் கட்டம் எதுன்னு மட்டும் காட்டுங்க."

அவர் என் விரலைப் பிடித்துத் தாளின் ஒரு மூலையில் வைத்தார். கை குளிர்ந்திருந்தது. வாத்தியார்கள் அழுத்தி எழுதுகிறவர்கள். அடியில் நான்கைந்து தாள்கள் மெத்தை போல இருந்தன. நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒரு கோடு. விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தாளைத் திருப்பி மறுபக்கத்திலும் தடவினேன். கட்டுக் கட்டாக எண்ணினேன். ஃபென்னா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் வேண்டாம் என்றார்.

இருபத்தொரு கட்டு. மேலே நான்கு கோடு.

மறுபடி எண்ணினேன்.

"நூத்தி ஒன்பது" என்றேன்.

"ஆமா" என்றார் லாமர்ட்.

"எனக்கு நூத்தி எட்டு."

நூறைத் தாண்டிவிட்டது. ஆனால் ஒரு கோடு கூடுதல். ஒரு தப்பு இருந்தாலும் தாள் செல்லாது. அவருக்கும் அது தெரியும். கூட்டத்தில் நாற்பது பேர் கேட்டிருந்தார்கள்.

"ஒரு கோடு அதிகமா இருக்கு வாத்தியாரே. அது யாரு?"

"நீங்க."

"நான் கடக்கலையே."

"கடப்பீங்கல்ல. வேலைக்கு. தினமும் போறவரு. உங்களை இங்க உக்காத்தி வச்சதால விட்டுப்போகக் கூடாதுன்னு போட்டேன்."

அன்பாகத்தான் சொன்னார். அந்தக் குரலையும் தாளையும் சேர்த்து எடைபோட முயன்றேன். முடியவில்லை. அன்பாக ஒரு கோடு போட்டவர், நாளைக்கு ஞாபகம் வந்து, அந்தக் கோடு பொய் என்று நேர்மையாகச் சொல்லிவிடவும் கூடும். அப்போது பாதை நிற்காமல் போகும். அவர் யோசித்துச் செய்தாரா, யோசிக்காமல் செய்தாரா என்று கேட்பதில் பயனில்லை. பதிலை நான் நம்பப் போவதில்லை.

கடிகாரத்தை அழுத்தினேன். ஒன்பது இருபத்தேழு. எண்ணிக்கை முடிய இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

"அடிச்சுருங்க" என்றாள் ஃபென்னா. "நூத்தி எட்டே போதும்."

"தாள்ல அடிச்சா அதையும் தப்புன்னு ஒருத்தர் சொல்லலாம்" என்றேன். எழுந்தேன். பையைத் தோளில் மாட்டினேன். குச்சியை விரித்தேன்.

"ரூலஃப்," என்றார் லாமர்ட், "நான் வரவா?"

"நீங்க உக்காருங்க. எண்ணறது உங்க வேலை. என் கோடுதான் ஏற்கெனவே போட்டாச்சே."

ஓரத்துக்கு வந்தேன். கிராஸிங் ஓரத்தைக் காட்டப் பதித்த மேடுபள்ளக் கற்களைக் குச்சி தொட்டது. இடது பக்கம் ஒரு லாரி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. குச்சியை நீட்டினேன். லாரி வேகம் குறைந்தது. பிரேக் மூச்சுவிட்டது. நின்றது. வலது பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் மின்சார சைக்கிள்கள் வருகின்றன, அவை வந்தாலும் ஒன்றும் கேட்காது.

"வலது பக்கம் காலி" என்றார் லாமர்ட், எனக்குப் பின்னாலிருந்து.

நின்றேன். தூறல் மட்டும் கேட்டது. லாரி எஞ்சின் காத்திருந்தது. அவர் சொன்னது உண்மையா என்று தெரிந்துகொள்ள என்னிடம் வேறு வழி இல்லை.

"சொல்றேன்ல" என்றார். "காலி. போங்க."

இறங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று என் காலடிகளையே எண்ணினேன். ஒன்பதாவது அடியில் குச்சி எதிர் ஓரத்தைத் தொட்டது. அங்கேயே நின்று, திரும்பாமல், கடிகாரத்தை அழுத்தினேன். சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி அழுத்தினேன்.

ஒன்பது இருபத்தொன்பது என்றது.